பின் சீற்றில் ஆளிருந்தால் உரசும்

கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாசுக்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டு செல்லம். ஒன்று தம்பி யேசுரட்ணம், மற்றது பழைய நிசான் மார்ச் கார். ரோட்டுக்கு ரோடு செக்பொயின்ற் போட்டுச் சனத்தை இறக்கி ஏற்றுகிற அந்த யுத்த நேரத்தில், காருக்கு அலோய் சில்லு போட ஒருத்தனுக்கு ஆசை வருமா? இவனுக்கு வந்தது. என்னத்தைச் சொல்ல.

பஞ்சிகாவத்தையில் ஹாஷிமின் கடையில் இரண்டு செற் கிடந்தன. சில்லின் உள்பக்கத்தில் ஒப்செற் இலக்கம் அடித்திருக்கும். இலக்கம் கூடினால் சில்லு உள்ளுக்குப் போகும், குறைந்தால் வெளியே தள்ளும். மார்ச்சுக்குச் சரியானது நாற்பத்தைந்து. அந்தச் செற் கீறல் விழுந்து மங்கிப்போய்க் கிடந்தது. மற்றது முப்பத்தெட்டு, புத்தம் புதுசு மாதிரி மின்னியது. ஏழு மில்லிமீற்றர் என்ன பெரிய ஏழு மில்லிமீற்றர் என்று அவன் முப்பத்தெட்டைப் பூட்டச் சொன்னான். ஸ்ரியரிங்கை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் முறித்துப் பார்த்தான். எங்கும் முட்டவில்லை.

"பின்னுக்கு ஆள் ஏத்திப் பாருங்க மகன்," என்றார் ஹாஷிம் நானா. "நம்மட பொடியன்கள் ரெண்டு பேர் ஈக்கிறாங்க, ஒரு நிமிசம் குந்தச் சொல்றன்."

"வேண்டாம் நானா. என்ர பின் சீற்றில ஆர் இருக்கினம்? காரில நானும் என்ர சாப்பாட்டுப் பையும்தான்."

அது உண்மைதான். வேலைக்குத் தனியப் போய்த் தனிய வருகிறவன். ஆனால் யேசுவுக்குக் கனடா விசா கிடைத்ததும் அவன் மறந்துபோன ஒன்று நடந்தது. எங்கட சனத்தில் ஒருத்தன் பிளேன் ஏறினால் வீடே கிளம்பும். வழியனுப்பாமல் வீட்டில் நிற்பது பெருங்குற்றம். முன்னுக்குப் பெரியப்பா, நல்ல தேகம். பின்னுக்கு அம்மா பிறிஜெற், பெரியம்மா, நடுவில் யேசு. டிக்கியில் இரண்டு பெரிய சூட்கேஸ். ஒன்றுக்குள் முழுக்க முழுக்க மிளகாய்த்தூள். மாமி வீட்டுக்கு, சித்தப்பா வீட்டுக்கு, பேர் தெரியாத ஆருக்கோ. ஒவ்வொன்றையும் மண்ணிறத் தாளில் சுற்றி, தூள் சிந்தாமல் ரேப் ஒட்டி வைத்திருந்தா பெரியம்மா.

பேலியகொடைப் பாலம் தாண்டும்போதே பின்பக்கம் கர்ர்ரென்றது. பாரத்தில் கார் பதிந்து, ரயர் மட்கார்ட் விளிம்பில் உரசுகிறது.

"பெரியப்பா, நீங்களும் பெரியம்மாவும் இறங்கி எயார்போட்டுக்கு பஸ்ஸில வாறியளே?"

"பெத்த பிள்ளை மாதிரி வளத்த பொடியன் போறான், நான் பஸ்ஸில வரவோ?" என்று பெரியம்மா அழத் தொடங்கினா. அவன் வேகத்தைக் குறைத்து ஓட்டினான்.

வத்தளைக்கு அங்கால் ஒரு செக்பொயின்ற். எல்லாரையும் இறக்கினார்கள். கார் நிமிர்ந்தது. குனிந்து பார்த்தான், ரயரின் தோளில் ஒரு வெட்டு. ஆழம் தெரியவில்லை. நேரமும் இல்லை. குண்டுப் பயத்தில் பிளேன் இரவில் ஓடாத காலம் அது, இதை விட்டால் எப்போதோ. சிலுவைக்குறி போட்டுக்கொண்டு காரை எடுத்தான்.

அடுத்த ஆமிச் சென்றிக்குக் கிட்ட ரயர் வெடித்தது. துவக்கு வெடித்த மாதிரியே சத்தம். ஆமிக்காரர் மண்மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்து படுத்தார்கள். பிறகு எல்லாத் துவக்கும் காரைப் பார்த்தன. ரயர்தான், ரயர்தான் என்று சிங்களத்தில் கத்தியபடி அவன் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

ரயரை நம்பினார்கள். டிக்கியைத் திறந்ததும், தாளில் சுற்றி ரேப் ஒட்டிய அந்தப் பொதிகளை நம்பவில்லை. குத்திப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், தும்மினார்கள். ஒருத்தன் சிரிக்கவும் செய்தான். அதோடு விட்டிருக்கலாம். ஐடென்டிற்றி காட்டுகளை வாங்கினார்கள். யேசுவின் காட்டில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது, இளந்தாரி வேறு.

"கேட்டுவிட்டு அனுப்புறம்," என்றார்கள்.

யேசுவை ஜீப்பில் ஏற்றும்போது அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தா. பட்டன் ஒன்று அவ கையோடு வந்துவிட்டது.

அதுக்குப் பிறகு அவனைத் தேடி எத்தனை ஆமிக் காம்ப், எத்தனை வாசல். "அப்படி ஆள் இங்க இல்லை" என்கிற ஒரே பதில். அம்மா இப்போது முன் சீற்றில்தான் இருப்பா. பின் சீற் வெறுமை. சில்லு உரசுவதே இல்லை, சனியன் பிடிச்ச சில்லு.

ஒருநாள் காம்ப் ஒன்றிலிருந்து திரும்பும்போது காரைப் பஞ்சிகாவத்தைக்கு விட்டான். மங்கிப்போன நாற்பத்தைந்து செற் இன்னும் ஹாஷிமிடம் கிடந்தது. பூட்டி முடித்ததும், "பொடியன்களைக் கூப்பிடுங்கோ நானா," என்றான். இரண்டு பேர் பின்னுக்குக் குந்தினார்கள். ஒழுங்கையில் ஓடிப் பார்த்தான். எங்கும் உரசவில்லை. ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை அந்தச் சோதனைக்கு.

பொடியன்கள் இறங்கிப் போனபிறகு அம்மா கேட்டா: "இப்ப ஏனடா இதை மாத்தினனீ? பின்னுக்கு இனி ஆர் இருக்கினம்?"

அவன் ஸ்ரியரிங்கைத் திருப்பிக் காரை ரோட்டுக்கு எடுத்தான்.

"கூட்டிக்கொண்டு வரேக்க யேசு பின்னுக்குத்தானேம்மா இருப்பான்," என்றான்.