முகம் மட்டும் தெரியும் அம்மன்

சோழபுரம் பாறையடி அம்மனின் முகத்தை மட்டும்தான் ஆண்கள் பார்க்கலாம். சேலை களைந்து எண்ணெய்க்காப்பு செய்வது பெண்கள் வேலை. எண்பத்தெட்டாம் வருஷம் ஆடியில், பூசை செய்யும் கருத்தம்மா பழகிய பிரியத்தில் காஞ்சனாவையும் உள்ளே உட்காரவைத்தாள்.

காஞ்சனா சரித்திரம் படித்தவள். எண்ணெய் வழிந்த கல்லைப் பார்த்துச் சிலிர்த்துப்போனாள். இடுப்பில் குழந்தை, கையில் மாங்கொத்து, சமணர்களின் காவல்தெய்வமான இயக்கி. காலடிச் சிங்கமோ கொற்றவையினுடையது போலச் சீறியது. தலைக்கு மேல் முக்குடையின் கீழ் சின்னஞ்சிறு தீர்த்தங்கரர். இரண்டு நம்பிக்கைகளை ஒரே உளியால் குழைத்திருந்தான் பாண்டியர் காலத்துச் சிற்பி. பின்னால் வந்தவர்கள் மஞ்சள் பூசித் தங்கள் ஆத்தாளாக்கிக்கொண்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியதும் கணவன் ஸுந்தரராஜனிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். ராஜபாளையத்தில் சரித்திர விரிவுரையாளன் அவன். சிலைகளைப் பற்றிப் பேசிப் பேசியே ஒருவருக்கொருவர் பிடித்துப்போனவர்கள்.

"வெளியே சொல்லிடாதீங்கோ."

"சொல்வேனா, காஞ்சு?"

அடுத்த மாதம் ஞாயிறு மலரில் சேலையில்லாத அம்மனின் படம். கீழே அவன் பெயர்.

"கோவிச்சுக்காதே. மதுரையிலேர்ந்து பெரிய ப்ரொஃபஸர்கள்லாம் பார்க்க வரா. கருத்தம்மா கதவைப் பூட்டிண்டுட்டா. நீ வந்து சொன்னா கேப்பா."

திருட்டுத்தனமாக நுழைந்து எடுத்திருப்பான் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்கவாவது போகவேண்டும் என்று அவன் பின்னால் ஸ்கூட்டரில் ஏறினாள்.

ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த கருத்தம்மா நிமிரவில்லை.

"வாங்கம்மா. எங்காத்தா அம்மணமா நிக்கிற பேப்பருல டீக்கடைக்காரன் வடை மடிச்சுக் குடுக்கான்."

"கருத்தம்மா..."

"நீங்க கேட்டீகன்னுதான ஆம்பளைக்குத் தொறந்தேன்? 'அவளுக்கு ஒடம்புக்கு ஏலல, படம் எடுத்தாரச் சொன்னா'ன்னு அய்யா வந்து நின்னாக. ஒங்க பேரச் சொன்ன பொறவு எப்படி மாட்டேம்பேன்?"

காஞ்சனா திரும்பிப் பார்த்தாள். ஸுந்தரராஜன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எப்படியாவது சமாளி என்று கெஞ்சின கண்கள். தன் அம்மாவிடம் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பான். அவளும் ஒவ்வொரு தடவையும் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வாள்.

"நெசமா நீங்கதான் அனுப்புனீகளா? ஆமாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. தெரியாம செஞ்சிட்டீகன்னு விட்டிருதேன்."

காஞ்சனா கருத்தம்மா பக்கம் திரும்பினாள்.

"இல்லே கருத்தம்மா. இவர்கிட்டே சொன்னது நான். அனுப்பினது நானில்லே."

கருத்தம்மா தழையைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் அவசரமாக ஸ்கூட்டரை உதைத்தான்.

"ஏறு, போகலாம்."

"நீங்க போங்கோ," என்றாள் காஞ்சனா. "நான் பஸ்ஸிலே வரேன்."