டிரைவர் இலையில் எலும்பு

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பலவேசம் நடத்திய சாப்பாட்டுக் கடையின் வாசலில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று ஒரு போர்டு தொங்கியது. அதில் பொய் எதுவும் கிடையாது. சோற்றுக்கு அளவே இல்லைதான். அளவெல்லாம் நேரத்துக்கு. அதையும் எழுதப் போர்டில் இடம் போதவில்லை.

குமுளியிலிருந்து திண்டுக்கல் போகிற மதிய பஸ்கள் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். காரணம் எளியது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ளே திரை போட்ட அறையில் ஓசிச் சாப்பாடு. டிரைவர் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு ஏறி ஹாரன் அடித்தால் பஸ் கிளம்பிவிடும். அதற்குள் பயணிகள் சாப்பிட்டிருந்தால் அவர்கள் அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டத்தை அப்படி எல்லாருக்கும் வாரி வழங்குகிறவரா பலவேசம்? முதலில் டோக்கன் வாங்க வேண்டும். பிறகு இலை வரும். பிறகு டம்ளர் தளும்பத் தளும்பத் தண்ணீர் வரும். சும்மா உட்கார்ந்திருக்கிறவன் அதைக் குடித்துப் பாதி வயிற்றை நிரப்பிக்கொள்வான். உப்பு வரும். ஊறுகாய் வரும். அதற்கப்புறம் சமையல்கட்டுப் பக்கத்தை எல்லாரும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் சோறு வரும்போது விரல் வைக்க முடியாத சூட்டில் வரும். அதன் மேல் கொதிக்கிற சாம்பாரை ஊற்றுவார்கள். "இப்பத்தான் வடிச்சது, சூடு ஆறாம சாப்பிடுங்க" என்று பலவேசமே வந்து உபசரிப்பார். ஊதி ஊதி நாலு வாய் உள்ளே போகும்போது வெளியே ஹாரன் அடிக்கும். இலையை மடித்துவிட்டு ஓடுகிறவர்களை வாசல் வரை வந்து கும்பிட்டு அனுப்புவார். அவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன்.

டிரைவருக்கு வேறு மரியாதை. அவர் இலைக்குப் போகும் ஆட்டுக்கறியில் எலும்பே இருக்காது. சமையல்காரர் அம்மாவாசி காலையிலேயே அதற்கென்று உட்கார்ந்து, எலும்பை எல்லாம் ஆய்ந்து எறிந்துவிட்டு, வெறும் சதையாக வதக்கி வைப்பார். பெற்ற பிள்ளைக்குக்கூடப் பலவேசம் இப்படிச் செய்ததில்லை என்று கடைவீதியில் பேசிக்கொள்வோம்.

எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் பலவேசத்தின் அக்கா மகன் தங்கபாண்டி கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினான். தொழிற்சாலைகளில் வேலையை எப்படி நடத்துவது என்பதற்கே தனிப் படிப்பு உண்டாம். அதைப் படித்துவிட்டு, ஒரு மோட்டார் கம்பெனியில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்று, தொழிலாளி தும்மினால் அதையும் கணக்கில் சேர்க்கிற உத்தியோகம் பார்த்தவன். பலவேசத்தின் மகள் சொர்ணலதா அவனுக்கு முறைப்பெண். சின்ன வயதிலேயே பேசி வைத்ததுதான். ஆனால் பேச்சு என்பது சரக்குக் கைமாறும் வரைக்கும் வெறும் பேச்சு என்பது பலவேசம் பிறந்த வீட்டில் பாலோடு ஊட்டுகிற பாடம். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒரு குடும்பம் வேறு அப்போது சொர்ணலதாவைக் கேட்டு ஆள் விட்டிருந்தது.

அக்கா மகனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதுதான் முறை. பலவேசம் வாய் தவறியும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தம்பி என்றே கூப்பிட்டார்.

"தம்பி, கம்பெனியவே நடத்தப் படிச்சவன் நீ. நம்ம கடையை ஒரு மாசம் நடத்திப் பாரேன். நல்லா வந்துச்சுன்னா வைகாசியில தேதி குறிப்போம். வரலைன்னா, போடியில இருந்து கேட்டு வந்திருக்காக, அவுகளுக்கும் பதில் சொல்லணும்ல."

தங்கபாண்டி அன்றைக்கே சட்டைப் பையில் ஸ்டாப் வாட்ச்சைப் போட்டுக்கொண்டு கடைக்குள் இறங்கிவிட்டான்.

வந்தவன் முதலில் எதையும் தொடவில்லை. மூலையில் நின்று பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம், மருத்துவமனையில் சொந்தக்காரரைப் பார்க்கப் போனவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. சமையல்கட்டிலிருந்து சோற்று வாளி நேராக வருவதில்லை. விறகுக் குவியலைச் சுற்றிக்கொண்டு, கிணற்றடி வழியாக ஊர்வலம் வருகிறது. பரிமாற ஆட்கள் நிறைய இருந்தும் சோற்றுக் கரண்டி ஒன்றுதான். ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் இலை நறுக்கவே ஆரம்பிக்கிறார்கள். வேலை தங்குகிற இடத்தைக் கண்டுபிடி, அதை அகற்று என்று படித்திருந்தான். இங்கே பார்த்த இடமெல்லாம் வேலை தங்கிக் கிடந்தது. இவ்வளவு கேடுகெட்ட ஏற்பாட்டை ஒருவர் தெரியாமலேயே செய்துவிட முடியாது என்று அவனுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அதைத்தான் அங்கே சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சுவரை உடைத்து, சமையல்கட்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு ஜன்னல் வைத்தான். கரண்டிகள் வாங்கினான். பஸ் முந்தின ஊரான வீரபாண்டியைத் தாண்டும் நேரத்துக்கே இலை போட்டு, பொரியலும் கூட்டும் வைத்துவிட வேண்டும் என்றான். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, விசிறி, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவரச் செய்தான். வீண் வேலை எது எது என்று தேடியபோது அம்மாவாசி எலும்பு ஆய்ந்துகொண்டிருந்தது கண்ணில் பட்டது. ஒரே ஒரு ஆளுக்காக, அதுவும் டோக்கன் வாங்காத ஆளுக்காக, காலை வேளை முழுக்க ஒரு சமையல்காரர் உட்காருவதா என்று கேட்டான். மொதலாளி சொன்னாக, செய்றேன் என்றார் அம்மாவாசி. இனிமேல் காசு கொடுத்துக் கறி வாங்குகிறவர்களுக்கும் டிரைவருக்கும் ஒரே கறிதான் என்று சொல்லிவிட்டான் தங்கபாண்டி.

பலவேசம் கல்லாவில் உட்கார்ந்து இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் ஆகாதவனிடம் தொழில் ரகசியத்தைச் சொல்வதில்லை என்பது ஒரு கொள்கை. தொழில் ரகசியம் தெரியாதவனை மருமகன் ஆக்குவதில்லை என்பது இன்னொரு கொள்கை. இரண்டும் சேர்ந்தால் அவர் மகளுக்குக் கல்யாணமே நடக்காது என்பதை அவரிடம் யார் எடுத்துச் சொல்வது?

புது ஏற்பாடு தொடங்கிய நாளில் அந்தக் கடையின் சரித்திரத்தில் நடக்காதது எல்லாம் நடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வழக்கம்போல் அவசரமாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவுடனே சோறு விழுந்ததும் திகைத்துப்போனார்கள். சாம்பார் போய் ரசம் வந்தது. ரசம் போய் மோர் வந்தது. ராயப்பன்பட்டி சூசைமுத்து நிலத் தகராறு ஒன்றுக்காகப் பெரியகுளம் கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து, வருஷக்கணக்காக இந்தக் கடையில் பாதிச் சாப்பாடு சாப்பிட்டு வந்தவர். அவர் மோர் வாளியைக் கண்டதும் பலவேசத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மொதலாளி, இங்கன மோரும் உண்டா? எனக்கு இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சே. இதுக்கு முன்னாடி ஊத்துனது எல்லாம் யாரு குடிச்சாக?"

கேட்டுவிட்டு, மறுபடியும் சாம்பாரிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று விசாரித்தார். போர்டு அளவில்லை என்கிறது, யார் தடுப்பது? வெளியே பஸ் அசையாமல் நின்றது. திரைக்குப் பின்னால் டிரைவர் கருத்தக்கண்ணன் ஒரு நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். டக் டக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் நிற்கும் வரை சூசைமுத்துவும் நிறுத்தவில்லை.

விஷயம் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. கூடலூரிலிருந்து ஜீப்பில் போகிறவர்கள்கூட இறங்கிப் பஸ் ஏறி வந்தார்கள். வருசநாட்டு ஆட்கள் காலைச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு வந்தார்கள். போட்டிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்தியவர், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை எல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இங்கே உட்கார வைத்தார். அவர்கள் நாலாவது தடவை சோறு கேட்கும்போது பலவேசத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். கூட்டம் ஏற ஏற நஷ்டம் ஏறியது. கூட்டம் வந்ததால் நஷ்டப்பட்ட ஒரே கடை ஜில்லாவிலேயே அதுதான். தங்கபாண்டி மட்டும் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் பின்சுவர் தெரிய ஆரம்பித்த அன்று பலவேசம் அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரொம்ப நல்லா நடத்துறே. ஊரே உன்னை வாழ்த்துது. வெள்ளிக்கிழமை போடியில இருந்து பூ வைக்க வாராக. நீயும் இருந்து சாப்பிட்டுட்டுப் போ."

அவ்வளவுதான். வேறு விளக்கம் கிடையாது.

தங்கபாண்டி சமையல்கட்டில் போய் நின்றான். பூரிப்பு போய்விட்டது. எங்கே பிசகியது என்று புரியவில்லை. விரைவாகப் பரிமாறுகிறோம், வந்தவர்கள் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள், எல்லாம் சரியாக நடந்து எப்படித் தோற்றோம்? அவனே உடைத்து வைத்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சொர்ணலதா வந்து நின்றாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. மசாலா அரைப்பதை மேற்பார்வை பார்க்க வருவது அவள் வழக்கம். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாவம் பார்க்கிற பார்வை இல்லை. அழுகின தக்காளியைக் கூடையில் வைப்பதா எறிவதா என்று யோசிக்கிற பார்வை.

"மச்சான், எல்லாரையும் கடியாரம் வச்சு அளந்தீகளே, டிரைவரண்ணனை அளந்தீகளா?"

அவர் ஓசிச் சாப்பாடுதானே, அவரை எதற்கு அளக்க வேண்டும் என்றான்.

"அந்த ஓசிச் சாப்பாட்டுலதான் கடையே நிக்குது. அவரு எந்திரிச்சாத்தான பஸ்ஸு போகும்? வெறுங்கறின்னா மென்னு முழுங்குனா முடிஞ்சது. நீங்க எலும்பைப் போட்டு உக்கார வச்சுட்டீக. அவரு உறிஞ்சி, கடிச்சு, தட்டி முடிக்கிற வரைக்கும் மொத்தப் பஸ்ஸும் திங்குது."

அப்படியென்றால் மாமா டிரைவர் மேல் வைத்திருந்த மரியாதை என்ன என்று கேட்டான் தங்கபாண்டி.

"எங்கப்பாவுக்கா? நல்லாருக்கே கதை."

அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். காசு வாங்கிக்கொண்டு பாதியில் எழுப்பி விடுவது ஏமாற்று வேலை இல்லையா, சாப்பிட வந்தவனைத் திருப்திப்படுத்துவதுதானே தொழில், அப்படித்தானே படித்தோம் என்று மெதுவாக ஆரம்பித்தான்.

"உங்களுக்குச் சூசைமுத்து சித்தப்பா திருப்தி வேணுமா, நான் வேணுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. போடிக்குப் போனா எனக்கு ஏலக்காய் வாசனை ஒத்துக்காது."

கோயம்புத்தூரில் இதற்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. தங்கபாண்டி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மனசாட்சி அன்று ஒரு வேளை முழுக்க அவனோடு மல்லுக்கட்டியது. அந்தக் கடை சம்பந்தப்பட்ட மட்டில் எந்த மனசாட்சியும் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததில்லை.

மறுநாள் காலையில் அம்மாவாசி எலும்பு ஆயத் தொடங்கினார். தங்கபாண்டி அதோடு நிற்கவில்லை. படித்தவன் ஆயிற்றே. டிரைவருக்கு என்று ஓர் ஆள் தனியாக நிறுத்தினான். சோற்றைக் கறிக்குழம்போடு பிசைந்து ஆறவைத்து, இலையில் வைத்த நிலையில் அவரை வரவேற்கச் செய்தான். கை கழுவத் தண்ணீர் உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. வெற்றிலை மடித்துத் தயாராக இருந்தது. கருத்தக்கண்ணன் உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றுபோல இருந்தது. அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு ஹாரன் அடித்தபோது சூசைமுத்து சாம்பார்ச் சோற்றில் முதல் உருண்டையைத்தான் பிடித்திருந்தார்.

இன்னும் ஒரு வித்தை மிச்சம். சாப்பாட்டு அறை சீக்கிரம் காலியானது அல்லவா? இலையும் பொரியலும் தயாராக இருந்தனவே! அடுத்த பஸ் வந்தவுடன் அடுத்த பந்தி உட்கார்ந்தது. முன்பு ஒரு பஸ் நின்ற நேரத்தில் இப்போது இரண்டு பஸ்கள் நின்று கிளம்பின. எதிர்க் கடைக்கு வழக்கமாகப் போகிற பஸ்ஸும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஓசிச் சாப்பாடு இவ்வளவு விரைவாகக் கிடைத்தால் எந்த டிரைவர்தான் வரமாட்டார்?

சூசைமுத்து இலையை மடித்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்ற தங்கபாண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ நல்ல பயலா வருவேன்னு நெனச்சேன்யா."

தங்கபாண்டி தலை குனிந்துகொண்டான். கல்லாவிலிருந்து பலவேசம் எழுந்து வந்தார். வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மாப்பிள்ளை, வெயில்ல நிக்காதீக. உள்ள வாங்க."

போடிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். கடைவீதியில் எல்லாரும் அதை நம்பினோம்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மறுநாள் கறிவிருந்து. வெளியூர்ச் சொந்தங்களை ஏற்றிவர ஒரு பஸ்ஸையே பேசியிருந்தார் பலவேசம். ஓட்டி வந்தது கருத்தக்கண்ணன்தான். பந்தலில் பந்தி உட்கார்ந்தது. சோறு பதமான சூட்டில் வந்தது, எலும்பும் சதையுமாகக் கறி வந்தது. சொந்த வீட்டு விசேஷத்தில் பலவேசம் ஒன்றும் குறை வைக்கவில்லை. முதல் கவளத்தை எல்லாரும் வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில், பஸ்ஸை நிழலில் தள்ளி நிறுத்தப் போன கருத்தக்கண்ணன், வழியில் படுத்திருந்த ஆட்டை விரட்ட ஹாரனை அமுக்கினார்.

பந்தி மொத்தமும் எழுந்துவிட்டது. இலையை மடித்தவர்கள் பாதிப் பேர். செருப்பைத் தேடியவர்கள் மீதிப் பேர். கூடலூர்ச் சம்பந்தி ஒருவர் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினார். "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று பலவேசம் கெஞ்சிக்கொண்டு பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினார். சாப்பிடுகிறவர்களை உட்காரச் சொல்லி அவர் வாழ்க்கையில் கெஞ்சியது அன்றுதான். அசையாமல் இருந்தவர் சூசைமுத்து ஒருவர். வரும்போதே கையோடு தூக்குவாளி கொண்டுவந்திருந்தார்; அதில் கறியை அள்ளிப் போட்டு மூடிவிட்டுத்தான் சாப்பிடவே தொடங்கியிருந்தார்.

மாப்பிள்ளையும் எழுந்து நின்றான். கை தானாகச் சட்டைப் பையில் வாட்ச்சைத் தேடியது. பக்கத்து இலையிலிருந்து சொர்ணலதா அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காருங்க மச்சான். அது உங்களுக்கு அடிக்கலை."

உட்கார்ந்து இலையைப் பார்த்தான். மற்றவர்கள் இலையில் ஒன்றிரண்டு துண்டுதான் எலும்பு. அவன் இலையில் நல்லி எலும்பாகவே பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தது.