பன்னிரண்டாம் பாகம்

"வட்டமாத் தொடைக்காத யக்கா. நடுவுல இருந்து வெளிய பாத்து இழு" என்றான் அன்பரசன்.

ராமுத்தாய் கையை நிறுத்தினாள். சேலை முந்தியில் அந்த டிவிடித் தட்டு பாதி துடைபட்டிருந்தது. அவன் சுவர்ப் பக்கம் முகம் திருப்பிக் கட்டிலில் கிடந்தான். திரும்பிப் பார்த்தாலும் அவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. துணி உரசுகிற சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறான்.

சொன்னபடி துடைத்து டிவிடி பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி இரண்டு முறை கடகடத்து மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் முதலில் நீலமாக வந்தது. பிறகு மலையும் பனியும் வந்தன.

"எத்தனாவது?"

"இந்தத் தட்டுல நாலாவத அமுக்கிருக்கேன். பன்னெண்டு."

"அப்ப இதும் இன்னொண்ணும்தான்."

வெளியே பட்டாசு ஃபேக்டரி வேன் ஆரன் அடித்தது. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. பெட்டி அடைக்கிற செக்‌ஷனில் ஆள் பத்தாமல் வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டி வருகிறார்கள் என்று நேற்று பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் சொல்லிவிட்டுப் போனாள். ராமுத்தாய் வேலைக்குப் போய்ப் பதினோரு நாளாகிவிட்டது. வேன் அவள் வீட்டு முன் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டுப் புறப்பட்டது.

அம்மா செத்தபோது அன்பரசனுக்கு ஏழு வயது. ராமுத்தாய்தான் வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போதும் அவனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அவள் புருஷன் நாகையா அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்பரசன் பன்னிரண்டாவது முடித்ததும் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தான். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற வேலை. அவன் வரைந்த புலிக்கும் மயிலுக்கும் பாதி முகம் கண்ணாகவே இருக்கும். "புலிக்கு எதுக்குப்பா இம்புட்டுப் பெரிய கண்ணு?" என்று முதலாளி கேட்பாராம். ஆனாலும் அந்த லேபிளுக்கு ஆர்டர் வந்துகொண்டேதான் இருந்தது.

அந்தக் கண்கள் எங்கேயிருந்து வந்தன என்று ராமுத்தாய்க்குத் தெரியும். ஜப்பான் பொம்மைப் படம். அனிமே என்று சொல்ல வேண்டும் என்பான். இவள் வாயில் கடைசிவரை பொம்மைப் படம்தான்.

அவன் சினேகிதன் சங்கிலிமுத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். நடுராத்திரிக்கு மேல் நெட்டு இலவசம் என்பதால் கம்ப்யூட்டரைத் தன்பாட்டுக்கு அந்தப் படங்களை இறக்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான். காலையில் வந்து பார்த்தால் வரிசையாக இறங்கிக் கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை தட்டுகளில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுப்பான். அன்பரசன் ஒவ்வொன்றின் பேரையும் பிரஸ்ஸில் கழித்துப் போட்ட ஒரு டைரியில் எழுதிவைப்பான். பார்த்து முடித்தால் பேர்மேல் சிவப்புக் கோடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவனுக்கு ஓய்வு. அன்றைக்கு நாலைந்து பாகம் பார்ப்பான். அந்த வாரத்திலேயே நாற்பது வந்து சேர்ந்திருக்கும். டைரி நிறைந்து இன்னொரு டைரி வந்தது. கோடு போடாத பக்கங்கள்தான் கூடிக்கொண்டே போயின.

"பாக்க நேரமில்லாதவன் எதுக்குலே சேக்குற?" என்று கேட்டிருக்கிறாள்.

"சீசன் முடியட்டும்க்கா."

பட்டாசு சீசன் முடிந்தால் காலண்டர் சீசன். அது முடிந்தால் கல்யாணப் பத்திரிகை.

ஜூன் மாதம் காய்ச்சல் வந்தது. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. மதுரையில் பார்த்தபோது ரத்தத்தில் புற்று என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்தபோது, "இப்பத்தான்க்கா எனக்கு லீவு கெடச்சிருக்கு" என்றான். தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு பகல் முழுக்கப் பார்த்தான். டைரியில் கோடுகள் விழுந்தன. அந்த ஒரு மாதம் ராமுத்தாய் வேலை முடிந்து வரும்போது டிவி சத்தம் தெருவிலேயே கேட்கும். அவளுக்கு நடை வேகமாகும்.

பிறகு பாதியில் தூங்கிப்போனான். விழித்து, திரும்ப ஓட்டிப் பார்த்து, மறுபடியும் தூங்கினான். ஒரு நாள் உட்கார்ந்து தட்டுகளைப் பிரிக்கச் சொன்னான். இருநூறு பாகத்துக்கு மேல் போகிறவற்றை முதலில் எடுத்தான். "இது ஆகாது" என்று கொடுத்தான். அவள் அட்டைப்பெட்டியில் போட்டாள். அடுத்த வாரம் ஐம்பது பாகம் உள்ளவை. அதற்கடுத்து இருபத்தாறு. ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தான்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, "யக்கா, கரண்டு போயிருச்சா?" என்றான். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் அவன் மார்பு வரைக்கும் விழுந்திருந்தது.

கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாகையாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதன்பிறகு ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டான். மொத்தமே பதின்மூன்று பாகம். அதில் நாலு ஏற்கெனவே பார்த்திருந்தான். மிச்சத்தை ராமுத்தாய் பார்த்துச் சொல்ல வேண்டும். பேச்சு ஜப்பான்காரன் பேச்சு. கீழே ஓடுகிற எழுத்து இங்கிலீஷ். அவளுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் ஃபேக்டரியில் அட்டைப்பெட்டிமேல் அடிக்கிற நம்பரும் எழுத்தும் பார்த்துப் பார்த்து ஏ, பி, சி, டி தனித்தனியாகத் தெரியும். படத்தை நிறுத்தி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வாள். அவன் கூட்டி அர்த்தம் சொல்வான். இருபத்தி நாலு நிமிஷப் படம், முடிய ஒரு நாள் ஆனது. சில நாள் அதுவும் முடியாது.

"சொல்லு" என்றான் இப்போது.

"அந்தப் புள்ள கடையத் தொறந்து வச்சிருக்கு. உள்ள ஒண்ணுமில்ல. தட்டெல்லாம் காலி. ரெண்டு டப்பாதான் இருக்கு. அதத் தொடச்சித் தொடச்சி வைக்குது."

மலைமேல் ஓர் ஊர். பனி விழுந்து ரோடு அடைபட்டுவிட்டது. ஊருக்கு ஒரே கடை. பாட்டனும் அப்பனும் இல்லாத அந்தக் கடையைச் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் நடத்துகிறாள். கீழேயிருந்து லாரி வர வேண்டும். கதை அவ்வளவுதான். அடிதடி கிடையாது, அழுகை கிடையாது. ஒவ்வொரு பாகத்திலும் கடையில் ஒரு சாமான் தீர்ந்துபோகும். முதல் இரண்டு நாள் ராமுத்தாய் அவனுக்காகத்தான் பார்த்தாள். பிறகு உலையில் அரிசி போடும்போதும் அந்தக் கடைக்கு லோடு வந்து சேர வேண்டுமே என்றிருந்தது.

"எழுத்து வந்திருக்கு. டி, எச், ஈ. ஆர், ஓ, ஏ, டி. ஐ, எஸ். அப்புறம் எஸ், டி, ஐ, எல், எல். சி, எல், ஓ, எஸ், ஈ, டி."

அவன் உதடு அசைந்தது. உதட்டோரம் காய்ந்த ரத்தத்தை ஈரப் பஞ்சால் ஒற்றினாள்.

"ரோடு இன்னும் அடைஞ்சுதான் கெடக்காம்."

"அதத்தான் பத்து நாளாச் சொல்லுதாக" என்றாள். அவன் சிரிப்பதற்காக முகத்தைச் சுருக்கினான்.

பத்து மணிக்குக் கரண்டு போனது. எப்போதும் பன்னிரண்டுக்குத்தான் வரும். ராமுத்தாய் அட்டையால் விசிறினாள். அவன் மூச்சு தொண்டைக்குள் ஏதோ அரைபடுவதுபோல் வந்தது. நேற்று அந்தச் சத்தம் இல்லை. எச்சிலை விழுங்கச் சொன்னாள். முயன்று பார்த்தான், முடியவில்லை.

சங்கிலிமுத்து சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். கையில் பாலித்தீன் பை. அதற்குள் தட்டுகள். ராமுத்தாய் வாசலுக்கு எழுந்து போனாள்.

"இன்னும் எதுக்குப்பா கொண்டார?" என்றாள் மெதுவாக.

அவன் பையைப் பார்த்தான். "வெறுங்கையோட எப்படிக்கா வர்றது."

உள்ளேயிருந்து அன்பரசன், "சங்கிலியா? என்னலே வந்திருக்கு?" என்றான்.

சங்கிலிமுத்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மூன்று பேர்களைச் சொன்னான். ஒன்று, போன வருஷம் பாதியில் நின்ற கதையின் மிச்சம். இன்னொன்று ஜப்பானிலேயே இந்த வாரம்தான் தொடங்கியிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவன் குரல் அதுவாகவே வேகம் பிடித்தது. பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"டைரில எழுதிரு" என்றான் அன்பரசன். "எடம் இருக்கா?"

"இருக்குடா."

"கோடு போடாதது எம்புட்டு இருக்கும்?"

சங்கிலிமுத்து பக்கங்களைப் புரட்டினான். ராமுத்தாயைப் பார்த்தான். அவள் விசிறிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

"ரொம்ப இல்லடா" என்றான்.

"பொய் சொல்லாதலே. முன்னூறு இருக்கும்."

சங்கிலிமுத்து மூன்று பேரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான். எழுத ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். போகும்போது அன்பரசனின் பாதத்தைப் போர்வையோடு சேர்த்து ஒருதரம் அமுக்கிவிட்டுப் போனான்.

அவன் போனதும் ராமுத்தாய் அலமாரியில் தனியாக இருந்த தட்டை எடுத்தாள். பதின்மூன்றாவது பாகம் மட்டும் அதில் இருந்தது. கரண்டு வந்ததும் அதையே போட்டுவிடலாம். பன்னிரண்டில் என்ன ஆனால் என்ன. லோடு வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

உறை சரசரத்தது.

"யக்கா, அத வை."

"இல்லலே. கடைசியப் பாத்துட்டு அப்புறம் இதப் பாப்பமே."

"மொறையாத்தான் வரணும்."

"எப்பப் பாத்தா என்னலே, நம்ம வீட்டு டிவிதான்."

அவன் வேண்டாம் என்று தலையை அசைத்தான். அவள் தட்டை இருந்த இடத்தில் வைத்தாள்.

கரண்டு வந்தபோது பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தட்டின் முதல் பாகத்திலிருந்து தொடங்கியது. நாலாவதை அமுக்கி, விட்ட இடம் வரைக்கும் ஓட்டினாள். இரண்டு வாய் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். ஒன்று உள்ளே போனது. ஒன்று கழுத்தில் வழிந்தது.

"சொல்லு."

"அந்தப் புள்ள கடையப் பூட்டிருச்சு. ஒரு கம்ப எடுத்துக்கிட்டுக் கீழ எறங்குது. ரோடு எதுன்னே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு. தன்னந்தனியாப் போகுது. பின்னால ஒரு ஆளும் வரல."

"ம்."

"கால் உள்ள போகுதுலே. முட்டு வரைக்கும் போகுது. எடுத்து எடுத்து வைக்குது."

"சத்தம் கேக்குதுக்கா."

"ஆமா. அந்தக் கால் சத்தம்தான்."

அந்தப் பெண் நின்றாள். கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னவோ சொன்னாள். கீழே எழுத்து வந்தது. ராமுத்தாய் ரிமோட்டை அமுக்கினாள். படம் நின்றது. ஒரே வார்த்தைதான்.

"சின்னதுதான். எஸ், என், ஓ, டபிள்யூ."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அது தெரிந்துவிட்டது. இந்தப் பத்து நாளில் எத்தனை தடவை வந்திருக்கிறது. கூட்ட வேண்டியதில்லை. பார்த்ததும் அப்படியே முழுசாகத் தெரிந்தது.

"ஏலே, இது பனிதான? நானே வாசிச்சிட்டேன்லே."

அவன் சொல்லட்டும் என்று டிவியைப் பார்த்தபடியே இருந்தாள். கூட்டிப் பார்க்க அவனுக்கு நேரம் ஆகும். அவள் அவசரப்படுத்துவதில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. தொண்டையில் அரைபட்ட அந்தச் சத்தம் இல்லை. கொஞ்ச நேரமாகவே இல்லை என்று பிறகுதான் உறைத்தது.

"பனிதானலே" என்றாள் இன்னொரு தடவை. திரும்பாமலே சொன்னாள்.

ஆவுடைத்தாய்தான் முதலில் வந்தாள். பிறகு தெருவே வந்தது. நாகையா ஃபேக்டரியிலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்தான். அலுமினியப் பொடி படிந்த கையைக் கழுவாமலே மச்சினனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினான். யாரோ ஒரு கிழவர், "டிவிய அமத்துங்கப்பா" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். சிவப்புத் தொப்பிப் பெண் காதருகே கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ரிமோட் யார் கண்ணுக்கும் படவில்லை. அது ராமுத்தாயின் கைக்குள் இருந்தது. நாகையா ஒயரைப் பிடுங்கினான்.

கல்யாணமாகாதவன், பொழுதோடு எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பிரஸ்ஸிலிருந்து ஐந்தாறு பேர் மாலையோடு வந்தார்கள். அவன் லேபிள் ஒட்டிய பட்டாசையே வாங்கி வந்து தெரு முக்குவரைக்கும் வெடித்துக்கொண்டு போனார்கள். முக்கோடு பெண்கள் திரும்பினார்கள்.

திரும்பி வந்து வீட்டைக் கழுவினார்கள். ஆவுடைத்தாய் கட்டிலைத் தூக்கி வெளியே சாய்த்தாள். தட்டுகள் இருந்த அட்டைப்பெட்டி நனைந்துவிடும் என்று அதைத் தூக்கி அலமாரிமேல் வைத்தாள். "இம்புட்டையும் பாத்தானாக்கும்?" என்றாள். ராமுத்தாய் வாரியலால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எத்தனை தள்ளினாலும் மூலையில் கொஞ்சம் நின்றது.

மயானத்துக்குப் போன மற்றவர்கள் குளித்துவிட்டு அப்படியே அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சங்கிலிமுத்து மட்டும் வந்து வாசலில் நின்றான். தலையெல்லாம் ஈரம். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

ராமுத்தாய் வாரியலைச் சுவரில் சாய்த்தாள்.

"சங்கிலி, அந்தக் கடைக்கு லோடு வந்துச்சாப்பா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை.

"அந்தப் பனிப் படத்துல. செவப்புத் தொப்பிப் புள்ள. அது எறங்கிப் போச்சுல்ல. அதுக்கப்புறம்."

"நான் பாக்கலக்கா."

"நீதானப்பா கொண்டாந்த."

"எறக்குறதுதான்க்கா என் வேல. எனக்கு எங்க நேரம். எங்கிட்டயும் பெட்டி பெட்டியாத்தான் கெடக்கு." வாசல்படியைப் பார்த்தான். "அன்பு பாத்துட்டு வந்து சொல்லுவான். அதுவே போதும்னு இருந்துட்டேன்."

அவன் சட்டையிலிருந்து தண்ணீர் கழுவிய தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ராமுத்தாய் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவனிடம் நீட்டினாள்.

"தலையத் தொவட்டு. தடுமம் புடிச்சிரும்."

வாங்கிக்கொண்டான். ஆனால் துவட்டவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே வாசல்படியில் உட்கார்ந்தான். அவளும் நிலையை ஒட்டிச் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தெருமுனையில் வேன் வந்து நின்று, வேலை முடிந்த பெண்கள் ஒவ்வொருத்தராக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.