விடைபெறாத ஐயாயிரம் பேர்

“நம்ம கணக்குப்படி பக்கத்து நாட்டுக்குப் போனவங்க நாலாயிரம். அவங்க கணக்குல இங்கேருந்து வந்தவங்க ஒன்பதாயிரம். மீதி ஐயாயிரம் பேர் எல்லைக்கோட்டுல ஒத்தக் கால்ல நிக்கிறாங்களாய்யா?”

புள்ளியியல் துறை இயக்குநர் மேசையைத் தட்டியதில் என் தேநீர் என் சட்டைக்கு வந்து சேர்ந்தது. ‘வரலாறு காணாத மக்கள்தொகை வளர்ச்சி’ என்று அமைச்சருக்கு உரை எழுதிக்கொடுத்த கை அது. தட்டத்தான் செய்யும்.

இதில் மர்மமே இல்லை. எங்களுடையதைப் போன்ற வசதியான நாடுகளுக்குள் வருகிறவன் முதல் வேலையாகப் பதிவேட்டில் பெயர் கொடுப்பான். இல்லாவிட்டால் மருத்துவர் நாடி பிடிக்க மாட்டார், வங்கி கதவு திறக்காது. கிளம்புகிறவன் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லி அவனுக்கு என்ன ஆகப்போகிறது? பதினொரு வருடமாக இதை எழுதிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அட்டவணைக்கு அடியில் ‘வரையறை வேறுபாடு’ என்று ஒரு குறிப்பைப் போட்டு முடித்துவிடுவார்கள். எங்கள் அலுவலகத்தின் பினாயில் அது. எந்த நாற்றத்துக்கும் அதைத்தான் தெளிப்போம்.

இந்த முறை அதிசயமாக என் யோசனை தேறியது. இரண்டு வருடமாகச் சம்பளம், மருத்துவம், படிப்பு என்று எந்தத் தடயமும் இல்லாதவர்களின் வீட்டுக்கு ஒரு படிவம். ‘இவர் இங்கே வசிக்கிறாரா? ஆம் / இல்லை.’ இல்லை என்றால் பெயர் நீக்கப்படும். பட்டியலைக் கணினி எடுத்தது. கீழே என் கையெழுத்தை இயந்திரம் அச்சிட்டது. மனிதக் கண் படாத திட்டம் என்று இயக்குநர் கூட்டத்தில் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மனைவி ஓர் உறையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதைக் கேட்ட அதிமேதாவி யாருங்க?”

அடியில் இருந்த என் கையெழுத்தை அடையாளம் தெரியாதவள் போலக் கேட்டாள். உள்ளே எங்கள் மகன் பெயர். அவன் பக்கத்து நாட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது.

“அவன் இங்க இல்லதானே,” என்றேன்.

“அவன் கட்டில் எங்க இருக்கு?”

“நாங்க கட்டில எண்ணுறதில்ல. வருஷத்துல பெரும்பாலும் வீட்ல இருக்கற ஆளத்தான் எண்ணுவோம்.”

“அப்படின்னா முதல்ல உங்க பேரத்தான் அடிக்கணும்.”

மறுநாள் அலுவலகத்திலிருந்து மகனை அழைத்தேன். “எடுத்துடுங்கப்பா. அங்க எனக்கு என்ன இருக்கு?” என்றான், சாதாரணமாக. அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

திரும்பி வருகிற படிவங்களைச் சரிபார்ப்பது மட்டும் என் வேலை. அடுத்த வாரம் எங்கள் வீட்டுப் படிவம் என் மேசைக்கே வந்தது. ‘ஆம்’ என்பதில் காகிதம் கிழிகிற அளவுக்கு ஒரு குறி. கீழே அவள் கையெழுத்து. பொய்த் தகவல் என்று தெரிந்தால் சிவப்பு முத்திரை குத்தி நீக்கல் கோப்பில் சேர்க்க வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். சரிபார்க்க வேண்டிய படிவங்களின் அடுக்குக்கு அடியில் அதைச் செருகினேன்.

“இன்னும் எத்தனைய்யா?” என்று இயக்குநர் தினமும் எட்டிப் பார்க்கிறார்.

“பாத்துட்டே இருக்கேன் சார்.”

இன்று அவள் படிவத்தின் மேல் இரண்டு படிவங்கள்தான் மிச்சம். மேலே இருப்பதை மூன்றாம் முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.