பதிலுக்குப் பின் வந்த 'ஒன்'

தனப்பிரியா புதுச்சத்திரத்துக்கு வந்து மூன்று நாளாகிவிட்டது. லீவில் வந்திருக்கிறாள் என்றுதான் அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை ரேடார் திரை முன்னால் உட்கார வேண்டாம் என்று ஆபீசில் அனுப்பிவைத்த விஷயம் அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கும் அண்ணன் தனபாலுக்கும் அண்ணி மோகனப்பிரியாவுக்கும் மட்டும் தெரியும்.

தொலைவில் ஒரு பெரிய நகரத்து விமான நிலையத்தில் அவளுக்கு வேலை. இறங்க வரும் விமானங்களில் எது எந்த உயரத்தில் வர வேண்டும் என்று ரேடியோவில் சொல்வாள். சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்லி, கடைசியில் தன் எண்ணையும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறாரா என்று அவள் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம், ஒரே கம்பெனியின் இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்றின் எண் சிக்ஸ் ஒன் ஃபோர், எட்டாயிரம் அடியில். இன்னொன்று சிக்ஸ் ஃபோர் ஒன், அதற்கு மேலே ஒன்பதாயிரத்தில். சிக்ஸ் ஒன் ஃபோரை ஆறாயிரத்துக்கு இறங்கச் சொன்னாள். பதில் தெளிவாக வந்தது. அடுத்த விமானத்திடம் பேசப் போய்விட்டாள்.

அரை நிமிடம் கழித்துத் திரையைப் பார்த்தாள். இரண்டுமே இறங்கிக்கொண்டிருந்தன. கீழே இருந்தது மெதுவாக, மேலே இருந்தது வேகமாக. நடுவில் ஆயிரம் அடி இருக்க வேண்டிய இடத்தில் நானூறுதான் இருந்தது. பக்கவாட்டில் இரண்டு மைல்கூட இல்லை. மேலே இருந்ததை உடனே இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். அது திரும்பியது. பயணிகள் யாருக்கும் எதுவும் தெரியாமலே இரண்டும் பத்திரமாகத் தரையிறங்கின.

அதன்பிறகுதான் புதிர் ஆரம்பித்தது. சிக்ஸ் ஒன் ஃபோரின் விமானி, "என்னைத்தான் சொன்னார்கள், பதில் சொன்னேன்" என்று எழுதிக்கொடுத்தார். சிக்ஸ் ஃபோர் ஒன்னின் விமானியும் அதையே எழுதினார்: "இறங்கச் சொன்னது என் காதில் விழுந்தது, என் எண்ணைச் சொல்லிப் பதில் கொடுத்தேன், யாரும் திருத்தவில்லை." தனக்கு ஒரே ஒரு பதில்தான் கேட்டது என்று தனப்பிரியா எழுதினாள். ஒலிப்பதிவிலும் ஒரே குரல்தான் இருந்தது.

"அப்போ அந்த ரெண்டாவது ஆளு பொய் சொல்றாரு" என்றான் தனபால், முட்டை அட்டைகளை வண்டியில் அடுக்கியபடி.

"பொய் சொல்றவரு, நம்பர் சொல்லிப் பதில் குடுத்தேன்னு எழுத மாட்டாருண்ணா. பதிவைப் போட்டுப் பாத்தா மாட்டிக்குவாரே. அவரு நிஜமாத்தான் சொல்லியிருக்காரு. அது எங்க போச்சுன்னுதான் தெரியல."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசியிருப்பாங்களோ?" என்றாள் மோகனப்பிரியா.

"அப்படிப் பேசினா கீச்சுனு சத்தம் வரும் அண்ணி. ஒண்ணும் புரியாது. எனக்குத் தெளிவாக் கேட்டுதே."

"எப்பவுமே அப்பிடித்தான் வருமா?"

பயிற்சியில் தனப்பிரியாவுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவளாக ஒருபோதும் செய்து பார்த்ததில்லை.

பண்ணையில் கோழிக் கொட்டகை ஒவ்வொன்றும் முந்நூறு அடி நீளம். தீவன மில்லுக்கும் கேட்டுக்கும் கடைசிக் கொட்டகைக்கும் பேசிக்கொள்ள தனபால் மூன்று வாக்கி டாக்கி வாங்கி வைத்திருந்தான். மறுநாள் காலை முட்டை பொறுக்கி முடிந்ததும் அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். விமானத்து ரேடியோவும் இதுவும் ஒன்றல்ல என்பது தனப்பிரியாவுக்குத் தெரியும். ஆனாலும் கையில் இருந்தது இதுதான். தனபால் கடைசிக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் போனான். மோகனப்பிரியா பத்தடி தள்ளிச் சுவருக்குப் பின்னால் நின்றாள். தனப்பிரியா நடுவில் உட்கார்ந்து இறங்கச் சொல்ல வேண்டும், மோகனப்பிரியா சிக்ஸ் ஒன் ஃபோர் என்றும் தனபால் சிக்ஸ் ஃபோர் ஒன் என்றும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

முதல் தடவை தனபால் சிரித்துக் காரியத்தைக் கெடுத்தான். இரண்டாம் தடவை மோகனப்பிரியா பொத்தானை அழுத்த மறந்துவிட்டாள். மூன்றாம் தடவை சரியாக வந்தது. மோகனப்பிரியாவின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது, அண்ணன் பேசியதற்கு அடையாளமே இல்லை.

"அண்ணா, நீ பேசினியா இல்லியா?"

"தொண்டை கிழியப் பேசினேன் பாப்பா. கோழியெல்லாம் என்னையே பாக்குது."

கிட்டத்திலிருந்து பலமாக வரும் குரல் தொலைவிலிருந்து வரும் குரலை மூடிவிடுகிறது. அன்றைக்கும் சிக்ஸ் ஒன் ஃபோரின் குரல்தான் பலமாக வந்திருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, தனபால் கொஞ்சம் இழுத்துப் பேசிவிட்டான். மோகனப்பிரியா முடித்து விரலை எடுத்த பிறகு, அண்ணனின் கடைசிச் சொல் மட்டும் தனியாக வந்து விழுந்தது.

"...ஒன்."

தனப்பிரியா வாக்கி டாக்கியை மடியில் வைத்தாள். அன்றைக்கும் வந்தது. பதில் முடிந்தபிறகு, மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது, ஏதோ ஒன்று காதில் பட்டது. இரைச்சல் என்று நினைத்து அடுத்த விமானத்துக்குப் போய்விட்டாள்.

"என்னாச்சு பிரியா, மொகமே மாறிப்போச்சு?" என்று மோகனப்பிரியா ஓடிவந்தாள்.

"எனக்குக் கேட்டிருக்குங்க அண்ணி. அன்னைக்கே கேட்டிருக்கு."

விசாரணை அதிகாரி முருகானந்தத்துக்கு உடனே போன் செய்து, பதில் முடிந்த இடத்துக்கு அப்புறம் ஒரு நொடி கேட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"இருக்கும்மா. சத்தத்தைக் கூட்டி வெச்சுக் கேட்டா, 'ஒன்'னு ஒரு வால் இருக்கு. அடியில மெல்லிசா ஒரு கீச்சும் இருக்கு. நாங்க அதை இருமல்னு எழுதி வெச்சிருந்தோம்." பிறகு கேட்டார். "ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அது உங்க காதுல விழுந்ததா?"

தனபால் பக்கத்தில்தான் நின்றான். இல்லை என்று சொல் என்பதுபோல் தலையை ஆட்டினான்.

"விழுந்ததுங்க சார். இரைச்சல்னு விட்டுட்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கோணும்."

"சரி. அதையும் எழுதிக்கறேன்" என்றார் முருகானந்தம்.

போனை வைத்ததும் தனபால் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "கேக்கலைன்னு சொன்னா யாருக்குத் தெரியப் போகுது பாப்பா? நீயா போயி மாட்டிக்கிட்டயே."

"எப்பிடி நடந்துதுன்னு தெரிஞ்சுக்கத்தானேண்ணா இத்தனை பாடு பட்டோம்? அதுல பாதியை நானே மறைச்சுட்டா அப்புறம் என்ன தெரிஞ்சுக்கிட்ட மாதிரி?"

அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. ஒரே கம்பெனியில் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு எண்கள், ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த இரண்டு பதில்கள், கவனிக்காமல் விட்ட ஒரு சொல் என்று மூன்று காரணங்கள் எழுதியிருந்தார்கள். சிக்ஸ் ஃபோர் ஒன்னுக்கு வேறு எண் கொடுத்தார்கள். தனப்பிரியாவுக்கு ஒரு மாதம் மறுபயிற்சி. படித்தபோது அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் தவறென்று சொல்ல ஒரு வரிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஒரு மாதத்தில் பழைய ஒலிப்பதிவுகளில் ஒரு வாரத்துக்கு உண்டானதைக் கேட்டு வாங்கினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பதிலும் முடிகிற இடத்தை மட்டும் கேட்டாள். நான்கு இடங்களில், பதிலுக்குப் பின்னால் யாரோ பேசிய சொல்லின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கிலும் எந்த விபரீதமும் நடக்கவில்லை. அவற்றில் இரண்டில், எதுவும் நடக்காததுபோல் அடுத்த விமானத்தைக் கூப்பிட்டது அவளுடைய குரல்தான்.

நேரத்தையும் தேதியையும் குறித்து முருகானந்தத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரத்துப் பதிவையும் கேட்டு எழுதினாள்.