மூச்சுவிடாத சோல்பெர்க்

மினசோட்டாவில் எங்கள் ஊர் ஆற்றுக்கு முதல் மரப்பாலம் போட்டவர் என் தாத்தா. எங்கள் சோல்பெர்க் வீட்டார் பொய் சொன்னதாக இந்த ஊரில் எவரும் வாய்திறந்ததில்லை. அதை எழுத்திலேயே சொல்லிவிட்டாள், நாற்பதைத் தொடாத டாக்டர் சியாங்.

என்னைப் பற்றி டாக்டர் எழுதும் குறிப்பை வீட்டுக் கணினியிலேயே படிக்கலாம். என் மனைவி ஆர்டிஸ் காலைக் காப்பியோடு உரக்கப் படித்தாள்: "பிடிவாதக்காரர். ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிடுவதாகச் சொல்கிறார். சாப்பிடுவதில்லை என்று சந்தேகம்."

தினமும் ஆறு மணிக்கு அந்த மாத்திரையை விழுங்குகிறவன் நான். சர்ச்சுக்குக் கட்டும் டையை எடுத்துக் கட்டினேன்.

"என்ன ஹால்வர், சர்ச்சுக்கா சண்டைக்கா?"

"அந்த வரியை அழிக்க வைக்கப்போறேன்."

"இரு, நானும் வரேன். இந்த வேடிக்கையை விடமாட்டேன்."

மருத்துவமனையில் டாக்டர் பின்வாங்கவில்லை. "ரெண்டு தடவை மாத்திரையைக் கூட்டியாச்சு மிஸ்டர் சோல்பெர்க். அப்பவும் நூத்தி எழுபதுல நிக்குது. நான் என்ன நினைக்கிறது?"

"என்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டேனே! 'சாப்பிடறேன்'னு ஒரே வார்த்தை."

"உண்மைக்கு ஒரு வார்த்தை போதும்."

"அம்பத்திரெண்டு வருஷமா எனக்கும் அந்த ஒரு வார்த்தைதான் டாக்டர்" என்றாள் ஆர்டிஸ்.

வழக்கமாக ரத்த அழுத்தத்தை நர்ஸ்தான் அளப்பாள். அன்று டாக்டரே என் கையில் பட்டையைச் சுற்றினாள். நான் நிமிர்ந்தேன். நூற்று எழுபத்தொன்று. அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை.

"மூச்சு விடறீங்களா?"

பட்டை தளர்ந்த பிறகே பதில் சொன்னேன். "சோதிக்கும்போது விடக்கூடாது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு முன்னாடி அப்பா எங்களை வரிசையா நிக்கவச்சுப் பார்ப்பார். முதுகு நேரா, கை முஷ்டி இறுக்கமா. அவர் தாண்டிப் போறவரைக்கும் மூச்சு கிடையாது."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இங்க உங்கப்பா இல்ல. சாஞ்சு உக்காருங்க. கையைத் தளர்த்துங்க. தயவுசெஞ்சு மூச்சு விடுங்க."

பிறர் முன்னால் நான் சாய்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. ஐந்து நிமிடம் கழித்து அளந்தாள். நூற்று முப்பத்திரண்டு.

ஆர்டிஸ் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப்பார்த்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பு என்னோடது" என்று டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். "எழுதினதை அழிக்க முடியாது. கீழ திருத்தம் போடறேன்."

என் கண்ணெதிரிலேயே எழுதினாள்: "மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார். உண்மையைச் சொன்னார். சந்தேகப்பட்டது என் தவறு."

"பிடிவாதக்காரர்ங்கறதையும் திருத்திடவா?"

"அது இருக்கட்டும். எங்கப்பா படிச்சா சந்தோஷப்படுவார்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மூச்சு!" என்றார்கள் இருவரும்.