பதினோராவது ஆள்

ஏணிக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. அவர் மனைவி இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறாள். சொல்லும்போது பாதி கோபம், பாதி பெருமை.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. அலுமினிய ஏணி செய்கிற பட்டறை, பத்து ஆட்கள். முதலாளி என்று பேர்தான். காலையில் முதல் ரிவெட்டை அடிப்பவரும் அவர், சாயங்காலம் ஒவ்வொரு ஏணியிலும் ஏறி நின்று குதித்துப் பார்ப்பவரும் அவர். அவரைத் தாங்கிய ஏணி யாரையும் தாங்கும், ஆள் அப்படி. பில் எழுதுவது மனைவி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மத்திய அரசு ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏணி செய்கிறவர்கள் எல்லாரும் ஒரு பரிசோதனை மெஷின் வாங்கி வைக்க வேண்டும், ஒவ்வொரு ஏணியையும் அதில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் விற்க வேண்டும். மக்கள் உயிர் முக்கியம் அல்லவா? முக்கியம்தான். ஆனால் அந்த மெஷின் ஒரு வீட்டு விலை. நாட்டில் அது இருந்தது ஒரே ஒரு பெரிய கம்பெனியிடம். சட்டம் வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தலைநகரில் நடையாய் நடந்ததும் அதே கம்பெனிதான். மக்கள் உயிர்மேல் அவர்களுக்கு அவ்வளவு பாசம்.

சின்னப் பட்டறைக்காரர்கள் ஒன்று கூடினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தலைநகரில் ஒரு கோட்டுக்காரரைப் பிடித்தார்கள். அங்கே இப்படி ஒரு பிழைப்பு உண்டு: சட்டம் எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்குச் சம்பளமும் உண்டு.

"சட்டத்தை நிறுத்த முடியாது. விலக்கு வாங்கலாம்," என்றார் கோட்டுக்காரர். "உங்கள்ல பெரிய பட்டறை எது? எத்தனை ஆளு?"

எல்லாரும் ஏணிக்காரரைப் பார்த்தார்கள். மற்றவர்களிடம் ஐந்து, ஆறு, மிஞ்சினால் ஏழு.

"பத்து," என்றார் அவர்.

"அப்ப பத்துப் பேர் வரைக்கும் விலக்குன்னு கேட்டுடுவோம்."

முதலாளியை யாரும் எண்ணவில்லை. முதலாளியைத் தொழிலாளிக் கணக்கில் எவன் எண்ணுவான்?

நாடாளுமன்றக் குழுவின் முன்னால் பேச ஏணிக்காரரையே அனுப்பினார்கள். நல்ல தொண்டை. கோட்டுக்காரர் நாலு வரி எழுதிக் கொடுத்து, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாலு வரியும் ஒழுங்காக முடிந்தது. அப்போது குழுவின் தலைவி சும்மா இல்லாமல், "உங்களை மாதிரி முதலாளிகளுக்கு இந்த மெஷின் ஒரு பெரிய செலவா?" என்று கேட்டுவிட்டார்.

முதலாளி என்றதும் இவருக்குச் சுருக்கென்றது. "அம்மா, என்னை முதலாளின்னு சொல்லாதீங்க," என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், மடை திறந்த வெள்ளம். தன் ஆட்களோடு தானும் ஒருவனாக வேலை செய்வதைச் சொன்னார், ஏணியில் ஏறிக் குதிப்பதைச் சொன்னார், இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "நானும் ஒரு தொழிலாளிதாம்மா" என்று முடித்தார். குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோட்டுக்காரர் தன் கண்ணை மூடிக்கொண்டார்.

விலக்கு கிடைத்தது. கூடவே, அவருக்கு மரியாதை செய்வதற்காகக் குழுவின் தலைவி தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: கையால் உழைக்கும் உரிமையாளரையும் தொழிலாளியாகவே மதித்து எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

ஆக, ஐந்து பேர் பட்டறை ஆறு ஆனது, ஏழு எட்டு ஆனது, ஒருவருக்கும் பாதகமில்லை. பத்து மட்டும் பதினொன்று ஆனது.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் மனைவி. "நாலு வரியைப் படிச்சோமா, வந்தோமான்னு இருந்திருக்கலாம்ல?" பில் எழுதுகிறவர்களைச் சட்டம் தொழிலாளியாக எண்ணவில்லை என்பதில் அவளுக்குத் தனியாக ஒரு கோபம் இருந்தது.

பெரிய கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கம்பெனியையே நாற்பது துண்டாக வெட்டி, துண்டுக்குப் பத்துப் பேர் என்று நாற்பது சின்னப் பட்டறையாகப் பதிந்துகொண்டது. உரிமையாளர்கள் எல்லாரும் குடும்பத்து ஆட்கள், ஒருவருக்கும் சுத்தியல் பிடிக்கத் தெரியாது. இருந்த மெஷின்களைக்கூட வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்கள். கடைசியில் அந்தச் சட்டப்படி மெஷின் வாங்க வேண்டியவர் நாட்டிலேயே ஒருவர்தான். அவரிடம் அதற்கு வழியில்லை.

ஒரு ஆளை அனுப்பிவிட்டால் தீர்ந்தது. யாரை அனுப்புவது? துளை போடுகிற புருஷன் பெண்டாட்டியில் ஒருவரையா? போன மாசம் இரட்டைப் பிள்ளை பிறந்தவனையா? மச்சினனை அனுப்பலாம் என்று வாயெடுத்தார். மனைவி பார்த்த பார்வையில் எடுத்த வாயை மூடிக்கொண்டார். அந்தப் பத்துப் பேரும் இவரைவிட்டால் வேறு பட்டறை ஏறாதவர்கள். அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கோட்டுக்காரர்தான் போனில் வழி சொன்னார். "தொழிலில் கை வைப்பதில்லை, தொழில் யோசனையும் சொல்வதில்லைன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்துடுங்க. சும்மா உட்காருங்க. அவ்வளவுதான்."

எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுப் பட்டறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே ரிவெட் சத்தம் கேட்கும், சத்தத்திலேயே எது கோணல் என்று தெரியும், ஆனால் வாய் திறக்கக் கூடாது. சும்மா இருப்பதே சுகம் என்று சொன்னவனைக் கண்டால் உதைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மூன்றாம் வாரம் நகம் கடிக்க ஆரம்பித்தார். எழுந்திரிக்கப் பார்த்தால் மனைவி பில் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே, "உட்காருங்க" என்பாள்.

நாலாம் வாரம் சோதனை அதிகாரி வந்தார். நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் இல்லாதவர். ஆட்களை எண்ணினார், பத்து. நாற்காலியை எண்ணினார், ஒன்று. எல்லாம் சரி என்று எழுதப் போனவர் பேனாவை மூடிவிட்டு, "சார், ஒரு சொந்த விஷயம்," என்றார். "புதுசா கம்பெனி ஏணி ஒண்ணு வாங்கினோம். மூணாவது படியில கால் வெச்சா டக்குனு ஒரு சத்தம். எங்க மாமியார் தினமும் அதுலதான் பரண்ல ஏறுறாங்க. எண்ணெய் விட்டா போயிடுமா?"

பட்டறையில் சத்தம் நின்றது. பத்துப் பேரும் பார்த்தார்கள். அந்த டக் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். முதலாளி இருக்கும்போது நாம் எப்படிப் பேசுவது என்று பழைய பழக்கத்தில் காத்திருந்தார்கள்.

"எண்ணெய்..." என்றார் ஏணிக்காரர். மனைவியைப் பார்த்தார். அவள் இந்த முறை உட்காருங்க என்று சொல்லவில்லை.

"சார், முதல்ல வீட்டுக்குப் போன் போடுங்க. அதுல யாரும் ஏறக் கூடாது."

அதிகாரி பதறிப் போன் போட்டார். "அத்தை, எங்க இருக்கீங்க? ரெண்டாவது படியிலயா? அப்படியே கீழ இறங்குங்க, மெதுவா."

ஏணிக்காரர் அதற்குள் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தார். ஒரு ஏணியைச் சாய்த்துப் போட்டு, ரிவெட் உள்ளே எங்கே வெடித்திருக்கும், அது ஏன் வெளியே தெரியாது, இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று அரத்தால் தட்டித் தட்டிக் காட்டினார். அரை மணி நேரம். ஒரு மாசத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தார்கள்.

அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு உயிரைக் காப்பாத்திட்டீங்க சார். ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்." பிறகு, முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் திறந்தார். "ஆனா இவ்வளவையும் கண்ணால பார்த்துட்டு, இவர் தொழில்ல கை வைக்கிறதில்லைன்னு நான் எப்படி எழுத முடியும்?"

பதினொன்று என்று எழுதினார். முப்பது நாளில் மெஷின் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு ஆள் குறைய வேண்டும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மச்சினனும் வந்திருந்தான். "நான் போயிடறேன் மாமா," என்றான். முதல் தடவையாக அவன்மேல் அவருக்குப் பாசம் வந்தது.

"நீ இரு," என்றார். "யார் போகணும்னு எனக்குத் தெரியும்."

பட்டறையை மனைவி பேருக்கு எழுதிக் கொடுத்தார். அவள் சுத்தியல் தொட்டவள் இல்லை; சட்டத்துக்கு ஏற்ற உரிமையாளர். எழுதிக் கொடுத்த அன்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் அவர் முன்னால் அழுதாள்.

வேலை தேடி அவர் அலையவில்லை. டிப்போவுக்கு அந்தப் பக்கமே பெரிய கம்பெனியின் துண்டு ஒன்று இருந்தது. ஒன்பது பேர் இருந்தார்கள், கை தேர்ந்த ஆள் ஒருவர் குறைந்தார். இவரைக் கண்டதும் மேனேஜர் எழுந்து நின்று, "உங்க பேச்சை டிவியில பார்த்தேன்" என்றார். பத்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் உரிமையாளர் பட்டறையைப் பார்க்க வந்தார். கம்பெனித் தலைவரின் பேரன், வயது மூன்று, ஆயா இடுப்பில் வந்தார். "முதலாளிக்கு வணக்கம் சொல்லுங்க," என்றார் மேனேஜர். மற்ற ஒன்பது பேரும் சொன்னார்கள், ஏணிக்காரரும் சொன்னார்.

பிள்ளை இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, நேரே அவர் மேசைக்கு வந்து அரத்தை எடுத்து ஏணியில் தேய்க்க ஆரம்பித்தது. மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, முதலாளி கையில அதைக் கொடுக்காதீங்க சார், பதினொண்ணாயிடும்!"

ஏணிக்காரர் மண்டி போட்டு உட்கார்ந்தார். பிள்ளை அரத்தைச் சரியான பக்கம்தான் பிடித்திருந்தது. "கொடுங்க முதலாளி," என்று அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கினார். "உங்களுக்கு இது தெரியவே கூடாது."